வீட்டுக்காரர் மனநிம்மதி மசோதா

வெர்லின் டட்டிலின் விசிட்டிங் கார்டில் 'அரசுத் தொடர்பு ஆலோசகர்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும். தலைநகரத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. லாபிக்காரர் என்பார்கள். மாநில வீடு கட்டுவோர் சங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டவர்கள் சங்கத்துக்குச் சட்டம் போட்டார்கள். இதில் லஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பசி மட்டும்தான் இருந்தது.

அந்த ஆண்டு சங்கத்துக்கு வேண்டியிருந்த சட்டத்தின் பெயர் 'வீட்டுக்காரர் மனநிம்மதி மசோதா'. பெயர் சூட்டியவர் வெர்லின். யாருடைய மனநிம்மதி என்று மசோதாவுக்குள் எங்கும் சொல்லவில்லை.

எங்கள் மாநிலத்து மண் களிமண். மழை பெய்தால் உப்பும், வெயிலடித்தால் சுருங்கும். மேலே யாராவது வீடு கட்டிக் குடியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்காது. புது வீட்டுக்கு முதல் வருஷம் ஒன்றும் ஆகாது. இரண்டாம் வருஷம் ஏதாவது ஒரு கதவு சாத்த மறுக்கும். மூன்றாம் வருஷம் சுவரில் விரிசல் விழும். வெஸ்ட்ரிட்ஜ் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பூனை கதவு எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்டது. அதற்குச் சுவரிலேயே வழி கிடைத்துவிட்டது.

பழைய சட்டப்படி, விரிசல் விட்டால் பத்து வருஷம் வரைக்கும் கட்டியவர்மேல் வழக்குப் போடலாம். மனநிம்மதி மசோதா அதை இரண்டு வருஷமாக்கியது. இரண்டு என்ற எண்ணைச் சங்கம் எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்டால், நீண்ட ஆய்வுக்குப் பிறகு என்பார்கள். ஆய்வு நடந்தது உண்மைதான். விரிசல் எந்த வருஷம் விழுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள்.

இந்த மசோதாவைத் தூக்கிக்கொண்டு வெர்லின் ஏற்கெனவே இரண்டு கூட்டத்தொடர் அலைந்து, இரண்டிலும் கமிட்டி வாசலிலேயே பறிகொடுத்திருந்தார். மூன்றாவது தடவை தொடங்கும்போது சங்கத் தலைவர் ராய்ஸ் ஹாம்பிரிக் அவரை ஸ்டேக் கடைக்கு அழைத்துப் போனார். ராய்ஸ் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஒரு சின்னத் தட்டு அளவு இருக்கும். கோபம் வந்தால் அதைத் தட்டுவார்.

"வெர்லின், உனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?" என்றார், பக்கிளைத் தட்டிக்கொண்டே.

"தெரியாதே. ஏன் ராய்ஸ்?"

"ரிட்டயர் ஆனவங்க எல்லாம் மீன்தான் பிடிக்கறாங்க. இந்தத் தடவையும் மசோதா ஊத்திக்கிச்சுன்னா நீ தூண்டில் வாங்க வேண்டியதுதான்."

"எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. இனிமே போய் எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உருளைக்கிழங்கு சாப்பிடு, ஆறிப்போகுது."

வெர்லினுக்கு உருளைக்கிழங்கு இறங்கவில்லை. ஆனால் வேறொன்று தோன்றியது.

எங்கள் கீழவையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதிதாக வந்த உறுப்பினர் தன் முதல் மசோதாவைக் கொண்டுவரும் நாளில் மொத்தச் சபையும் அவரை ஓட்டித் தள்ளும். கிறுக்குத்தனமான கேள்விகளாகக் கேட்பார்கள். வாக்கெடுப்பு வந்ததும் எல்லாரும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். சுவரிலிருக்கும் பலகை முழுக்கச் சிவப்பாகும். புது ஆளின் முகம் வெளிறுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, சிரித்துக்கொண்டே எல்லாரும் பச்சைக்கு மாற்றிக்கொள்வார்கள். மசோதா கைதட்டலோடு நிறைவேறும். உள்ளே என்ன இருக்கிறது என்று கமிட்டியில்கூடப் பார்ப்பது மரியாதைக் குறைவு. முதல் மசோதா தோற்றதாக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஆகவே மனநிம்மதி மசோதாவுக்கு வேண்டியது ஒரு புதுமுகம்.

புதுமுகம் கார்லிஸ் புரூயிட் உருவத்தில் வந்தார். கோதுமை வயல் பக்கத்திலிருந்து வந்த பெண்மணி. உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவர் கைகுலுக்கியபோது வெர்லினின் கைக்கடிகாரம் நின்றுபோனது. வந்த முதல் வாரத்திலேயே கட்சி வித்தியாசமின்றி எல்லாரும் அவரைக் கோச் என்றே கூப்பிட்டார்கள்.

"கோச், குடும்பங்களுக்கு நல்லது பண்ற மசோதா ஒண்ணு இருக்கு. உங்க கையால வரணும்னு ஆசைப்படறோம்" என்றார் வெர்லின், அவருக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்தபடி.

"எந்தக் குடும்பங்களுக்கு?"

"பொதுவா குடும்பங்களுக்கு. வீடு கட்டறவங்களுக்கும் குடும்பம் இருக்கில்ல?"

"படிச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா. இங்க அப்படி வழக்கமில்ல, ஆனா தாராளமா."

கோச் இரண்டு பக்கம் படித்தார். சட்டத் தமிழைப்போலவே சட்ட ஆங்கிலமும் வாசிப்பவரைத் தூங்கவைப்பதற்கென்றே எழுதப்படுவது. மூன்றாம் பக்கத்தில் அவர் அணியில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதாகத் தொலைபேசி வந்தது. வெர்லின் நல்ல மனிதராகத் தெரிந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த நாளுக்கு வெர்லின் எந்த ஏற்பாட்டிலும் குறை வைக்கவில்லை. உறுப்பினர்கள் நல்ல மனநிலையில் இருக்கவேண்டும் என்று கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விருந்து போட்டார். இரவெல்லாம் புகையில் வாட்டிய மாட்டு நெஞ்சுக்கறி, பீன்ஸ், பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம். மசோதா முடிந்ததும் எல்லாரும் நேரே பந்திக்குப் போகலாம்.

புது ஆளைக் கலாய்க்கும் நாளில் சபாநாயகர் டுவேன் கெஸ்லரும் கீழே இறங்கி மற்றவர்களோடு உட்கார்ந்துகொள்வார். மேலே உட்கார்ந்து கலாய்த்தால் பதவிக்கு அழகல்ல. அன்றைக்கு, வாக்கெடுப்பைத் தட்டி முடித்துவைக்கும் சுத்தியலைச் சபையிலேயே மூத்தவரான எம்மட் ஸ்ட்ரவுட்டிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். எம்மட் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். விடியுமுன்னே எழுந்து மாடுகளைப் பார்த்துவிட்டு வந்த மனிதர். காலைச் சாப்பாடு எப்போதோ செரித்திருந்தது.

பார்வையாளர் மாடத்தில் வெர்லின் முதல் வரிசையில் இடம் பிடித்தார்.

"சபைத் தலைவரே, ஒரு சந்தேகம்" என்று ஒரு உறுப்பினர் எழுந்தார். "கோச்சோட மசோதா நிறைவேறினா, எங்க மாமியார் அவங்க வீட்டுக்கே திரும்பிப் போயிருவாங்களா?"

"அதுக்குத் தனி மசோதா வேணும்" என்றார் கோச்.

"உறுப்பினர் இங்கேர்ந்தே அந்தக் குப்பைக்கூடைல ஒரு பந்து போட்டாத்தான் என் ஓட்டு" என்றார் இன்னொருவர்.

கோச் ஒரு காகிதத்தைக் கசக்கி உருட்டி, பார்க்காமலே எறிந்தார். விழுந்தது. சபை மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. அந்தக் காகிதம் ஆளுநரின் வரவுசெலவு அறிக்கையின் முதல் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

கடைசியாக டுவேன் கெஸ்லரே எழுந்தார். "கோச், வெளையாட்டெல்லாம் இருக்கட்டும். அந்த மசோதாவுல என்னதான் இருக்கு? கொஞ்சம் வாசிங்க, கேப்போம்."

அந்த அவையில் இதைவிடப் பெரிய கிண்டல் கிடையாது. வாசிக்கும் முன்பே பலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோச் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "வீட்டின் அடித்தளத்திலோ சுவரிலோ ஏற்படும் விரிசல், வீடு கட்டி முடித்த இரண்டாண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தால், அதற்குக் கட்டியவர் பொறுப்பல்ல."

சபை கொல்லென்று சிரித்தது.

"வீட்டுக்காரர் அதன்பேரில் வழக்குத் தொடர்ந்தால், கட்டியவருடைய வழக்கறிஞரின் கட்டணத்தையும் வீட்டுக்காரரே செலுத்த வேண்டும்."

ஒருவர் நாற்காலியிலிருந்து நழுவினார். "கூரை? கூரைக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் டுவேன்.

"கூரை மூணாம் உட்பிரிவுல வருது" என்றார் கோச், பக்கத்தைப் புரட்டி. அவர் சிரிக்கவில்லை. முதன்முறையாக வாய்விட்டு வாசித்ததில் அவர் புருவம் சுருங்கியிருந்தது. சபை அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. கோச் மாதிரி ஒரு நகைச்சுவைக்காரி இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மேலே வெர்லினும் சிரித்தார். சிரிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. ஆனால் மைக்கும் கேமராவும் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

வாக்கெடுப்பு. பலகை தக்காளித் தோட்டம்போலச் சிவந்தது. தொண்ணூற்றெட்டுச் சிவப்பு. நடுவில் கோச்சின் ஒரே ஒரு பச்சை. ஆண்கள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கோச்சின் முகம் வெளிறக் காத்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் பத்துப் புள்ளி பின்தங்கியும் ஆட்டம் ஜெயித்த பெண்மணி. முகம் அவ்வளவு சுலபத்தில் வெளிறவில்லை. அவர்களும் விடாமல் காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கீழ்த்தளத்தில் யாரோ பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்கள். காற்றோட்டக் குழாய் வழியாக நெஞ்சுக்கறியின் வாசனை ஏறி, முதலில் உயரமான இடத்தில் இருந்த எம்மட் ஸ்ட்ரவுட்டைத் தொட்டது.

டொக்.

"வாக்கெடுப்பு முடிந்தது. மசோதா தோற்றது. சபை சாப்பாட்டுக்குக் கலைகிறது."

யாரும் அசையவில்லை. எம்மட் மட்டும் படியிறங்கிப் போனார்.

வெர்லின் மாடத்திலிருந்து ஓடி வந்து அவரைப் பந்தியில் பிடித்தார். "பெரியவரே, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஏன், எல்லாம் சிவப்பா இருந்துச்சு. தட்டினேன்."

"அது வெளையாட்டு, எம்மட்! வெளையாட்டுக்குப் போட்ட ஓட்டு!"

"நான் வெளையாடலையே. எனக்குப் பசி." எம்மட் தட்டைப் பார்த்தார். "கறி நல்லா வெந்திருக்கு. யார் ஏற்பாடு?"

வெர்லின் திரும்பி நடந்தார்.

நிலைமை கைமீறிவிடவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தோற்ற மசோதாவை மறுநாள் திரும்ப எடுக்க விதியில் இடம் உண்டு. ஜெயித்த பக்கம் வாக்களித்தவர்களில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். ஜெயித்த பக்கத்தில் தொண்ணூற்றெட்டுப் பேர் இருக்கிறார்கள். கேட்க முடியாத ஒரே ஆள், மசோதாவைக் கொண்டுவந்த கோச். தொண்ணூற்றெட்டில் ஒருத்தர்கூடவா வாயைத் திறக்க மாட்டார்?

அன்று மாலைச் செய்தியில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். கோச் வாசிக்கிறார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. பலகை சிவக்கிறது. சுத்தியல் விழுகிறது. வீடு கட்டுவோர் சங்கத்தின் மசோதாவை மக்கள் பிரதிநிதிகள் சிரித்தே விரட்டியடித்தார்கள் என்று செய்தி வாசித்தவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். விரிசல் விட்ட வீடுகளிலெல்லாம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

காலையில் வெர்லின் அறை அறையாக ஏறி இறங்கினார்.

"எங்க ஊர் ஜெபக்கூட்டத்துல எனக்காக எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க, வெர்லின்" என்றார் வெஸ்ட்ரிட்ஜ் தொகுதிக்காரர். கண் கலங்கியிருந்தது. "நான் இருபது வருஷமா அந்தச் சர்ச்சுக்குப் போறேன். உக்கார இடங்கூட விடமாட்டானுங்க."

"நீங்க சிவப்பு அமுக்கினது தமாஷுக்கு."

"தமாஷுதான். ஆனா பாரு, அந்தத் துணிச்சல் எனக்குள்ள எங்கேயோ இருந்திருக்கு."

அடுத்த அறையில் ஒருவருக்கு மாமியார் பீச் பழப் பலகாரம் அனுப்பியிருந்தார். அதற்கடுத்த அறையில் ஒருவர் தன் வீரத்தைப் பற்றித் தேர்தல் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'தோளோடு தோள்' என்ற இடத்தில் நின்றிருந்தார்.

டுவேன் கெஸ்லர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "நான் எந்திரிச்சு, கேமரா முன்னாடி, 'ஐயா, நாங்க வெளையாட்டுக்குத்தான் உங்களைக் காப்பாத்தினோம்'னு சொல்லணுமா?"

"முந்தாநாள் வரைக்கும் உங்களுக்கு இந்த மசோதா பிடிச்சுதானே இருந்துச்சு, டுவேன்?"

"முந்தாநாள் வரைக்கும் அதுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதேய்யா."

"இப்ப?"

"இப்ப தெரிஞ்சும் பிடிச்சுத்தான் இருக்கு. ஊருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுதான் சங்கடம்."

சபை கூடியது. கலைந்தது. தொண்ணூற்றெட்டுப் பேரும் தத்தம் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

ராய்ஸ் தொலைபேசியில் கத்தவில்லை. அதுதான் வெர்லினைப் பயமுறுத்தியது. "கூட்டத்தொடர் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கு. முடிஞ்சதும் உன் மேசையைக் காலி பண்ணிரு. தூண்டில் நானே வாங்கித் தரேன்" என்றார்.

வெர்லின் மேசையைக் காலிசெய்ய ஆரம்பித்திருந்தபோது சபாநாயகர் கூப்பிட்டனுப்பினார்.

டுவேன் கெஸ்லர் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். "வெர்லின், ஒரு சிக்கல். ஊர்ல எங்க போனாலும் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேக்கறாங்க. வீரனா ஆயாச்சு. சும்மா இருக்க முடியல. இந்த வீடு கட்டறவனுங்களை ஒரு பிடி பிடிக்கணும். கடுமையான சட்டம் ஒண்ணு வேணும்."

"நல்ல விஷயம். யார் எழுதப்போறா?"

டுவேன் நின்றார். அவரைப் பார்த்தார்.

"நானா?" என்றார் வெர்லின்.

"மசோதா எழுதத் தெரிஞ்ச ஆள் இங்க வேற யார் இருக்கா?"

"டுவேன், நான் வீடு கட்டறவங்க ஆளு. அவங்க குடுக்கற சம்பளத்துலதான் இந்தக் கோட்டு வாங்கினேன்."

"அதனாலதான் கேக்கறேன். அவனுங்களுக்கு எங்க வலிக்கும்னு உனக்குத்தானே தெரியும்!"

வெர்லின் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். தன் மனசாட்சியோடு போராடுகிறார் என்று டுவேன் நினைத்துக்கொண்டார். வெர்லின் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"ராத்திரிக்குள்ள எழுதித் தரேன்" என்றார்.

புது மசோதா கொண்டுவரும் கெடு முடிந்திருந்தது. அது பெரிய தடையில்லை. ஏற்கெனவே கமிட்டி தாண்டி வந்த ஏதாவது ஒரு சாது மசோதாவைப் பிடித்து, பூசணிக்காயைக் குடைவதுபோல உள்ளே இருப்பதை வழித்தெடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது எங்கள் மன்றத்தில் நெடுநாளைய பழக்கம். தேன் பாட்டிலில் ஒட்டும் லேபிள் பற்றி ஒரு மசோதா சும்மா கிடந்தது. அதன் தேனை வடித்துவிட்டு வெர்லின் 'கட்டுமானத்தார் கடும்பொறுப்பு மசோதா'வை ஊற்றினார்.

படித்தால் எந்தக் கட்டுமானக்காரருக்கும் நடுக்கம் எடுக்கும். முதல் பிரிவு, ஒவ்வொரு விரிசலுக்கும் கட்டியவரே முழுமுதல் பொறுப்பு என்றது. இரண்டாம் பிரிவு, மயிரிழை அளவு விரிசலுக்கும் விலக்கில்லை என்றது. மூன்றாம் பிரிவு, ஏழை எளியோரின் கண்ணீரைப் பற்றியது. அதை எழுதும்போது வெர்லினே கைக்குட்டையைத் தேடினார். ஒன்பதாம் பிரிவு சின்னது. மேற்படி கடும்பொறுப்பு, வீடு கட்டி முடித்ததிலிருந்து இரண்டாண்டுகள் நீடிக்கும் என்றது.

சபையில் உரைகள் பொழிந்தன. வெஸ்ட்ரிட்ஜ்காரர் இரண்டு தடவை அழுதார். கடைசியில் கோச் எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒன்பதாம் பிரிவை வாசிக்கிறேன்" என்றார். வாசித்தார். நிறுத்தினார். மறுபடியும், மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல வாசித்தார். "இது அன்னிக்கு நான் கொண்டுவந்த அதே மசோதா. அன்னிக்கு நீங்க இதைக் கேட்டுத்தான் சிரிச்சீங்க."

ஒருவர் செல்போனில் பேரக்குழந்தையின் படத்தைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் கடலை உரித்தார். டுவேன் கடிகாரத்தைப் பார்த்து, "உறுப்பினருக்கு நன்றி" என்றார்.

பலகை பச்சையானது. தொண்ணூற்றெட்டுப் பச்சை, கோச்சின் ஒரே ஒரு சிவப்பு. இந்தத் தடவை யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. மேலவையில் இதைவிட வேகமாகப் போனது. ஆளுநர் கையெழுத்திட்டபோது, தண்டனை பெறுபவர்கள் சார்பில் ராய்ஸ் ஹாம்பிரிக் பின்னால் தலைகுனிந்து நின்றார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. ராய்ஸ் தோள் குலுங்கியது அழுகையால் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

இந்த இரண்டாவது வாக்கெடுப்பு நடந்த அன்றே நடைக்கூடத்தில் கோச் வெர்லினை மடக்கியிருந்தார். வெர்லின் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கைகுலுக்க வரல" என்றார் கோச். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு தடவையும் நான் ஒரே விஷயத்தைத்தான் வாசிச்சேன். அன்னிக்கு அத்தனை பேரும் கேட்டாங்களே, இன்னிக்கு ஏன் ஒருத்தரும் கேக்கல?"

வெர்லின் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஏனோ வரவில்லை. "அன்னிக்கு நீங்க புதுசு, கோச். உங்களைக் கேலி பண்றதுக்காகக் கவனமா கேட்டாங்க."

கோச் தலையாட்டினார். "அப்ப அடுத்த வருஷமும் என்னை யாராவது கேலி பண்ற மாதிரி ஏதாவது செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெர்லினுக்கு அது மிரட்டலாகவே கேட்டது.

ராய்ஸ் அதே ஸ்டேக் கடையில் விருந்து வைத்தார். பக்கிளைத் தட்டவே இல்லை. வேலை உறுதி, சம்பளம் கூட என்றார். பிறகு மேசைமேல் ஒரு சாவியை வைத்தார்.

"நார்த் க்ரீக்ல புதுக் குடியிருப்பு போடறோம். முதல் வீடு உனக்கு. மூணு பெட்ரூம், கிரானைட் மேடை. சங்கத்தோட அன்பளிப்பு."

வெர்லின் சாவியைப் பார்த்தார். கை நீளவில்லை.

"ரொம்ப நன்றி, ராய்ஸ். ஆனா எனக்கு வாடகை வீடே பழகிப்போச்சு."

"சும்மா குடுக்கறேன்யா!"

"தெரியுது. எனக்கு முட்டி வலி. படியேற முடியாது."

"ஒத்தத் தள வீடுதான்."

"கிரானைட் எனக்கு ஒத்துக்காது. அலர்ஜி."

ராய்ஸ் அவர் முகத்தையே பார்த்தார். மெல்லப் புரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ விவரமான ஆளுதான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "நான் குடியிருக்கற வீடு எங்க தாத்தா காலத்துக் கல்லு வீடு. அங்க ஒரு போர்ஷன் காலியா இருக்கு. வேணும்னா வாடகைக்கு வா."

வெர்லின் அங்கேயே முன்பணம் கொடுத்தார்.